டர்ட் பைக் பைப்பில் டொக்கு விழுந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மண் தடத்துக்குப் போனவர்கள் அன்று மாலைக்குள் எனக்குப் படம் அனுப்பிவிடுவார்கள். பைப்பின் வயிற்றில் ஒரு பள்ளம், அளவு தெரியப் பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம். கூடவே வரும் கேள்விகளும் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அவற்றை அவரவர் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். மெக்கானிக் தொழில் எனக்கு இல்லை. வில்லிவாக்கத்தில் ஒரு டிங்கரிங் பட்டறையில் மாஸ்டருக்குப் பக்கத்தில் நின்று, என் பைப்புகளையும் நண்பர்களின் பைப்புகளையும் சரிசெய்து கற்றுக்கொண்டவன்.

சென்னையில் இன்ஜினிலிருந்து பின்சக்கரம் வரைக்கும் எல்லாவற்றையும் ‘சைலன்சர்’ என்றே சொல்லிவிடுவோம். இங்கே கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன். இன்ஜினிலிருந்து வளைந்து இறங்குவது பெண்ட் பைப். டூ ஸ்ட்ரோக்கில் நடுவில் உப்பி நிற்பது வயிறு. வயிறு முடிந்து சைலன்சருக்குள் நுழையும் ஒல்லிக் குழாய் வால். கடைசியில் சத்தத்தை அடக்குவதுதான் சைலன்சர்.

அண்ணா, கல்லுல அடிச்சு பைப் உள்ள போயிடுச்சு. வீடு வரைக்கும் ஓட்டிட்டு வரலாமா?

மூன்றைப் பாருங்கள். முதலில், பைப் எங்காவது கிழிந்திருக்கிறதா, தலைப்பகுதியில், அதாவது பைப் இன்ஜினோடு சேரும் இடத்தில், புகை கசிகிறதா? அடுத்தது, இடம் மாறிய பைப் டயரையோ, ஒயரையோ, பிளாஸ்டிக்கையோ, உங்கள் காலையோ தொடுகிறதா? மூன்றாவது, வால் நசுங்கியிருக்கிறதா? மூன்றுமே இல்லையென்றால் மெதுவாக வீட்டுக்கு ஓட்டி வரலாம்.

டூ ஸ்ட்ரோக்கில் வால் நசுங்கியிருந்தால் மட்டும் ஓட்டாதீர்கள், ஒரு லோடு ஆட்டோ பிடித்துவிடுங்கள். காரணம் நான்காவது கேள்வியில் இருக்கிறது.

சின்ன டொக்குக்கெல்லாம் பவர் போயிடுமா? ஃப்ரெண்ட்ஸ் பயமுறுத்துறாங்க.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உருண்டையான குழாயின் ஒரு பக்கம் தட்டையாக உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போனால், வாயு போகும் பரப்பில் குறைவது சுமார் 5 சதவீதம். கால் பங்கு போனால் சுமார் 20 சதவீதம். பாதி போனால் பாதி. நிஜத்தில் ஒரு பக்கம் அமுங்கும்போது பக்கவாட்டில் கொஞ்சம் பிதுங்கும் என்பதால் இழப்பு இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

அதனால் ஃபோர் ஸ்ட்ரோக் பெண்ட் பைப்பில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பள்ளம் என்றால் அதை அப்படியே விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். என்னிடம் வரும் படங்களில் பாதிக்கு என் பதில் இதுதான். பார்க்க நன்றாக இருக்காதுதான். ஆனால் நன்றாக ஓடும் பைப்பைச் சூடாக்கி மெலிய வைப்பதைவிட, பள்ளம் பள்ளமாகவே இருக்கட்டும்.

டூ ஸ்ட்ரோக்குக்கு மட்டும் ஏன் தனி சட்டம்? அதுவும் ஒரு குழாய்தானே?

அந்தக் குழாய் இன்ஜினின் ஒரு பாகம் மாதிரி வேலை செய்கிறது. எக்சாஸ்ட் வழி திறந்ததும் ஓர் அழுத்த அலை பைப்புக்குள் கிளம்பும். சூடான வாயுவில் அதன் வேகம் நொடிக்குச் சுமார் 500 மீட்டர். பைப் விரியும் இடத்தில் அந்த அலை உறிஞ்சும் அலையாகத் திரும்பி வந்து, எரிந்த வாயுவை வெளியே இழுக்கும். அப்போது கொஞ்சம் புதுக் கலவையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். வயிறு மறுபடி குறுகும் இடத்தில் பட்டுத் திரும்பும் அலை, அந்தக் கலவையை வழி மூடுவதற்குள் சிலிண்டருக்கே தள்ளிவிடும். 8,000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 7.5 மில்லி நொடி. இத்தனையும் அதில் ஒரு பகுதிக்குள் நடந்து முடிகிறது.

இதைக் கணக்காகச் செய்து காட்டியவர் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் இருந்த வால்டர் காடன். 1961-இல் அந்த அணியின் ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கு நாடுகளுக்குத் தப்பி, இந்த அறிவோடு சுசுகியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் வென்றார். ஒரு பைப்பின் வடிவத்துக்கு அவ்வளவு மதிப்பு. அந்த வடிவத்தில் பெரிய பள்ளம் விழுந்தால் அலை வேறு நேரத்தில் திரும்பும். ‘பவர் பேண்ட்’ என்று நாம் சொல்லும் அந்தத் திடீர் இழுப்பு மங்குவது அதனால்தான்.

அப்போ எந்த இடத்துல விழுந்தா மோசம்?

டூ ஸ்ட்ரோக்கில் மிக மோசமான இடம் வால். வாயு வெளியேறும் அளவை அதன் விட்டம்தான் தீர்மானிக்கிறது. அது நசுங்கினால் பைப்புக்குள் அழுத்தமும் சூடும் ஏறும். பிஸ்டன் தலை பொத்தலாகிற அளவுக்கும் போகலாம். அடுத்தது, சிலிண்டரை ஒட்டிய முதல் ஒரு சாண் நீளம். அங்கே குழாய் ஒல்லி என்பதால் சின்னப் பள்ளமும் பரப்பில் பெரிய பங்கைத் தின்றுவிடும். வயிற்றில் விழுந்த கிண்ணம் மாதிரியான பள்ளம்தான் இருப்பதில் குறைந்த தொல்லை. விழுவதும் பெரும்பாலும் அங்கேதான், முன்சக்கரத்துக்குப் பின்னால் பிதுங்கி நிற்பது அதுதானே.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் தலைப்பகுதி ஃபிளாஞ்சையும் (இன்ஜினோடு போல்ட் போட்டு இறுக்கும் தகடு), ஆக்ஸிஜன் சென்சார் இருக்கும் இடத்தையும் பாருங்கள். பள்ளத்தைவிட அங்கே விழும் கீறலும் கசிவும்தான் அதிகம் தொல்லை தரும்.

என் பைப் இரும்பா, ஸ்டெயின்லஸ்ஸான்னு எப்படித் தெரியும்?

ஒரு காந்தம் போதும், பெரும்பாலும். பலமாக ஒட்டினால் சாதாரண எஃகாக இருக்கலாம். ஆனால் எக்சாஸ்டுக்குப் பயன்படும் சில வகை ஸ்டெயின்லஸ்ஸிலும் காந்தம் ஒட்டும். துருவைப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். நம் ஊர்க் கடல் காற்றில் பெயிண்ட் உரிந்த எஃகு, ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் செந்நிறமாகிவிடும்.

காந்தமே ஒட்டவில்லை, கையில் எடுத்தால் நம்ப முடியாத அளவுக்கு லேசு என்றால் அது டைட்டானியம். அதில் கேஸ் டார்ச்சைக் காட்டவே கூடாது. சூட்டில் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். உள்ளும் புறமும் ஆர்கான் வாயு விட்டு டிக் வெல்டிங் (மெல்லிய தகட்டுக்கு ஏற்ற நுணுக்கமான மின்சார வெல்டிங்) செய்யத் தெரிந்தவரிடம்தான் அதைக் கொடுக்க வேண்டும். இனி வரும் பதில்கள், தனியாகச் சொல்லாதவரை, சாதாரண எஃகு பைப்புக்கானவை.

வெளிய இருந்தே சுத்தியலால தட்டித் தட்டி எடுக்க முடியாதா?

சின்ன வயதில் தெருவில் “ஒடுக்கு எடுக்கிறது, ஈயம் பூசுறது” என்று குரல் கொடுத்துக்கொண்டு வருவார்கள். அவர்கள் குடத்துக்குள் ஒரு முட்டு கொடுத்து உள்ளிருந்து வெளியே தள்ளித்தான் ஒடுக்கு எடுப்பார்கள். வெளியிலிருந்து அடிப்பது ஓரத்தில் எழும்பிய மேட்டை அமுக்குவதற்கு மட்டும். பைப்புக்கும் அதே விதிதான். வெளியிலிருந்து மட்டும் அடித்தால் பள்ளம் அகலமாகுமே தவிர மேலே வராது.

பெண்ட் பைப்பின் வாய்ப்பக்கமாக, நேரான பகுதியில் பள்ளம் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். குழாயின் உள்விட்டத்தைவிடக் கொஞ்சம் சிறிய எஃகுக் குண்டை ஒரு கம்பியின் நுனியில் வெல்டு செய்து, எண்ணெய் தடவி உள்ளே விட்டுத் தட்டலாம். லேத் பட்டறையில் சொன்னால் அந்தக் குண்டைக் கடைந்து கொடுப்பார்கள். வளைவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் இது உதவாது.

காத்து அடைச்சு, சூடு காட்டினா ‘பொப்’புன்னு வெளிய வருதே. வீடியோல பாத்தேன். வீட்டுலயே பண்ணலாமா?

வேலை செய்கிற முறைதான். டூ ஸ்ட்ரோக் வயிற்றில் விழுந்த கிண்ணப் பள்ளத்துக்கு இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. ஆனால் மொட்டை மாடியில் தனியாகச் செய்யாதீர்கள். டார்ச் பிடிக்கத் தெரிந்த ஒருவர், காற்றைப் பார்த்துக்கொள்ள ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும். இன்ஜின் பக்க வாயை ரப்பர் ஷீட் வைத்த இரும்புத் தகட்டால் போல்ட் போட்டு மூட வேண்டும். தக்கை செருகி விடுவது கூடாது. வால் பக்கம் மூடும் தகட்டில் ஒரு டியூப் வால்வு. உள்ளே இருக்கும் எண்ணெய்க் கரியை முன்னதாகவே முழுக்க எடுத்திருக்க வேண்டும். இது கட்டாயம். அழுத்தமான காற்று, எண்ணெய், நெருப்பு மூன்றும் மூடிய குழாய்க்குள் சேரக்கூடாது.

சூடு காட்டுவதில்தான் கைத்திறமை. பள்ளத்தின் நடுவில் காட்டக் கூடாது. பள்ளத்தைப் பிடித்து வைத்திருப்பது அதன் ஓரத்து மடிப்பு. அந்த ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வட்டமாகச் சூடேற்றி, மங்கிய சிவப்பு வந்ததும் மெல்ல உள்நோக்கி வர வேண்டும். அந்தச் சிவப்பு 600 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை. எஃகு அப்போது தன் வலிமையில் பாதிக்கு மேல் இழந்திருக்கும். வெயிலில் நின்றால் அந்த நிறம் கண்ணுக்குத் தெரியாது, நிழலில் செய்யுங்கள். பள்ளம் அசையத் தொடங்கிய நொடியே தீயை விலக்குங்கள். தண்ணீர் ஊற்றாமல் தானாக ஆற விடுங்கள்.

நான் முதன்முதலில் டொக்கு எடுத்த யமஹா ஆர்எக்ஸ் பைப்பில், அவசரத்தில் நடுவைச் சிவக்க வைத்துவிட்டேன். அந்த இடம் பூரி மாதிரி உப்பி, காகிதமாக மெலிந்து போனது. அந்தப் பைப்பை மறுபடி பயன்படுத்த முடியவில்லை. உப்பியதை உள்ளே தள்ள நல்ல வழி கிடையாது. முழுப் பள்ளமும் வர வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். முக்கால் பங்கு வந்தால் நிறுத்திவிடுங்கள்.

எவ்ளோ காத்து அடைக்கணும்? கம்ப்ரசர்ல 100 பிஎஸ்ஐ வருது.

100 பிஎஸ்ஐ வேண்டவே வேண்டாம். 40 மி.மீ. விட்டமுள்ள வாயின் பரப்பு சுமார் 12.5 சதுர செ.மீ. டயருக்கு அடைக்கிற 30 பிஎஸ்ஐ, அதாவது சதுர செ.மீ.க்கு 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் என்றால், அந்த மூடியை வெளியே தள்ளும் விசை சுமார் 26 கிலோ. 100 பிஎஸ்ஐ என்றால் 88 கிலோ. மூடி கழன்றால் அது நேராக எதிரில் நிற்பவர் மேல் வரும். வயிற்றின் பரப்பு இன்னும் பல மடங்கு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஒரு கிலோவில் தொடங்குவோம், இரண்டைத் தாண்ட மாட்டோம். வேலையைச் செய்வது சூடு, காற்று துணைக்கு மட்டும். சூடேறும்போது உள்ளே உள்ள காற்றும் விரிந்து அழுத்தம் தானாக ஏறும். அதனால் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், வால்வைத் தட்டிக் குறைத்துக்கொண்டே இருக்க இரண்டாவது ஆள் வேண்டும். இரண்டு பேருமே மூடிகளுக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும்.

வெல்டர் அண்ணன் ஆக்ஸிஜன் சிலிண்டர்லேர்ந்தே அடைச்சுடலாம், கம்ப்ரசர் எதுக்குங்கிறார். சரியா?

இல்லை. இல்லவே இல்லை. அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் அந்த இடத்திலேயே பைப்பை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அழுத்தமான சுத்த ஆக்ஸிஜன் எண்ணெய்ப் பிசுக்கைத் தொட்டால் தீப்பொறிகூட இல்லாமல் பற்றும். டூ ஸ்ட்ரோக் பைப்பின் உள்சுவர் முழுக்க எண்ணெய்தான். மேலே தீயையும் காட்டினால் அது வெடிகுண்டுக்குச் சமம். அசிட்டிலீன், எல்பிஜி எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். காற்று கிடைக்கவில்லையென்றால், டயர் கடையில் நிரப்பும் நைட்ரஜன் நல்லது, அது எரியாது.

உள்ள இருக்கிற கரியை எப்படிச் சுத்தம் பண்றது? காஸ்டிக் சோடா போடுவாங்களே?

போடலாம். ஆர்எக்ஸ் வைத்திருந்தவர்கள் பலருக்கும் தெரிந்த பழைய முறை இது. பைப்பின் ஒரு வாயை அடைத்து, கரைசலை ஊற்றி, ஓரிரவு வைத்து, மறுநாள் நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, காய வைப்பது. சோடாவைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடா மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

அலுமினியத்தை அது கரைத்துவிடும். அதனால் அலுமினியச் சைலன்சரை முதலில் கழற்றி வைத்துவிடுங்கள். ஊறிய கறுப்புத் தண்ணீரைத் தெருச் சாக்கடையில் விடாதீர்கள். பல பட்டறைகளில் சோடாவே போடாமல், இரண்டு வாயையும் திறந்து வைத்து வெளியிலிருந்து டார்ச் காட்டி எண்ணெயை எரித்துவிடுவார்கள். பயங்கரமாகப் புகையும், குடியிருப்புக்கு நடுவில் செய்யக் கூடாது. ஆனால் வேலை சீக்கிரம் முடியும்.

தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல வெச்சா ஐஸ் விரிஞ்சு டொக்கைத் தள்ளுமாமே? காசிமேடு ஐஸ் ஃபேக்டரில கேட்டுப் பாக்கவா?

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும் என்பது உண்மை. சிலருக்குப் பள்ளம் வந்தும் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், ஐஸ் எங்கே தள்ளும் என்பது நம் கையில் இல்லை. பள்ளத்தைத் தள்ளுவதற்குப் பதில் பலவீனமான வெல்டிங் தையலைப் பிளந்துவிடலாம். ஐஸ் ஃபேக்டரியில் கேன்கள் நிற்பது உப்புக் கரைசலில், எஃகு பைப்புக்கு அது ஆகாது.

தண்ணீரே வேண்டுமென்றால் இதைவிட நல்ல வழி உண்டு. அடுக்குமாடிக் கட்டடங்களில் பைப் லைன் சோதிக்க பிளம்பர்கள் கையால் அடிக்கும் பிரஷர் டெஸ்டிங் பம்பு வைத்திருப்பார்கள். பைப்பில் காற்றே இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரண்டு பக்கமும் தகடு போட்டு மூடி, அந்தப் பம்பால் மெதுவாக அழுத்தம் ஏற்றலாம். தண்ணீர் அமுங்காது என்பதால் ஒரு மூடி கழன்றாலும் கொஞ்சம் பீறிட்டு உடனே அடங்கிவிடும். காற்று மாதிரி சீறாது. வயிற்றிலுள்ள அகலமான, மடிப்பில்லாத பள்ளத்துக்கு இது நன்றாக வேலை செய்யும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: தண்ணீர் உள்ளே மூடியிருக்கும்போது வெளியே தீ காட்டவே கூடாது. ஆவி பைப்பைக் கிழித்துவிடும்.

எங்க மேஸ்திரி வாஷர் வெல்டு பண்ணி இழுத்துத் தரேங்கிறார். நம்பலாமா?

நம்பலாம். கார் டிங்கரிங்கில் தினமும் செய்வதுதான். பள்ளத்தின் நீளத்துக்கு வாஷர்களை வரிசையாக நிறுத்தி வெல்டு செய்து, ஒரு கம்பியை அவற்றின் ஓட்டைகள் வழியாகக் கோத்து இழுப்பார்கள். இழுக்கும்போது ஓரத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொடுத்தால் சீக்கிரம் இளகும். கடைசியில் வாஷர்களை அறுத்துவிட்டு மட்டமாகத் தேய்ப்பார்கள்.

அந்தத் தேய்ப்பில்தான் கவனம் வேண்டும். டூ ஸ்ட்ரோக் பைப்பின் தகடு சுமார் ஒரு மி.மீ. கனம்தான். கிரைண்டிங் மெஷினைக் கொஞ்சம் அழுத்தினாலும் பாதிக் கனம் போய்விடும். வெல்டு போட்ட இடத்தைக் கொஞ்சம் மேடாகவே விடச் சொல்லுங்கள். குரோம் பூசிய பைப் என்றால், வெல்டு செய்யும் இடத்தில் குரோமைத் தேய்த்து எடுத்த பிறகுதான் தொட வேண்டும். குரோம் மேல் வெல்டு செய்தால் கிளம்பும் புகை நுரையீரலுக்கு மிகவும் கெட்டது, வெல்டின் பிடிப்பும் சரியாக இருக்காது.

டொக்கு கூர்மையா, மடிச்ச மாதிரி இருக்கு. இதுக்கும் காத்து முறைதானா?

இல்லை. கூர்மையாக மடிந்த இடத்தில் உலோகம் ஏற்கெனவே இறுகியிருக்கும், சில சமயம் நூலளவு விரிசலும் இருக்கும். காற்றும் சூடும் சேர்ந்தால் அந்தக் கோட்டில் கிழியும். இதற்கு அறுத்துத்தான் செய்ய வேண்டும். பள்ளத்துக்குப் பக்கத்தில், பைப்பை உற்பத்தி செய்தபோது போட்ட தையல் இருந்தால் அதன் வழியே திறந்து, உள்ளிருந்து முட்டு கொடுத்துத் தட்டி, மறுபடி டிக் வெல்டிங்கில் மூடுவது. அறுப்பதற்கு முன்னால் குறுக்கே இரண்டு மூன்று கோடுகள் போட்டு வைத்தால் திரும்பச் சேர்க்கும்போது திருகாது.

அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைப் பக்கம் டிக் வெல்டிங் செய்பவர்கள் நிறைய. மெல்லிய தகட்டில் செய்த வேலை ஒன்றைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். உள்பக்கம் உருகி வழிந்து நிற்கும் வெல்டு, வாயுவுக்கு இன்னொரு பள்ளம் மாதிரிதான்.

என்கிட்ட எக்ஸ்பல்ஸ். ஃப்ரெண்டுகிட்ட ஹிமாலயன். எங்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பெண்ட் பைப்புக்குக் கொஞ்சம் பொருந்தும், மீதிக்குப் பொருந்தாது. 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்6 (புகை விதி) வண்டிகளில், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் ஆக்ஸிஜன் சென்சாரும் இருக்கின்றன. கன்வெர்ட்டருக்குள் இருப்பது தேன்கூடு மாதிரி நுண்ணிய அமைப்பு. அது இருக்கும் இடத்தில் அடிக்கவோ சிவக்கச் சூடேற்றவோ கூடாது. அடிபட்ட பிறகு பைப்பை ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வந்தால் ஏதோ உடைந்திருக்கிறது, சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள். சென்சாரை முதலிலேயே கழற்றிப் பத்திரமாக வையுங்கள், ஒயரில் தொங்க விடாதீர்கள்.

சைலன்சர் உடம்பில் விழுந்த பள்ளம் பெரும்பாலும் வெளிச்சட்டையில்தான் இருக்கும். உள்ளே தனிக் குழாயும் அறைகளும் இருப்பதால் காற்று முறையால் பயனில்லை. சத்தம் மாறவில்லை, எதையும் தொடவில்லை என்றால் அப்படியே விடுங்கள்.

எம்-சீல் போட்டு நிரப்பி பெயிண்ட் அடிச்சா யாருக்குத் தெரியப் போகுது?

முதல் சவாரியிலேயே தெரிந்துவிடும். அது தாங்குகிற சூடு வேறு, பைப்பின் சூடு வேறு. கருகி உதிரும். பள்ளத்தை வெளியில் நிரப்புவதால் உள்ளே எதுவும் மாறுவதும் இல்லை.

பைப்பைக் கழட்டாம வண்டியிலயே வெச்சு வெல்டு பண்ணிடலாமா? ஸ்டட் உடைஞ்சுடுமோன்னு பயமா இருக்கு.

கழற்றித்தான் செய்ய வேண்டும். மேலே பெட்ரோல் டேங்க், பக்கத்தில் ஒயரிங், வழியில் ஈசியூ எனும் இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினி. மின்சார வெல்டிங்கின் கரண்ட் எந்த வழியாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

ஸ்டட் (பைப்பை இன்ஜினோடு பிடித்து நிற்கும் மரைக் கம்பி) பயம் நியாயமானது. முந்தின நாள் இரவே துரு இளக்கும் ஆயிலை அடித்து ஊற விடுங்கள். மறுநாள் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டி இளஞ்சூடாக்கி, நட்டை ஒரே மூச்சில் திருப்பாமல் கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று அசைத்து எடுங்கள். நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து வந்துவிட்டால் பரவாயில்லை. இன்ஜின் ஹெட்டுக்குள் உடைவதுதான் ஆபத்து.

டொக்கு எடுத்தாச்சு. ஆனா திரும்ப மாட்டினா ஓட்டை ஒண்ணு சேர மாட்டேங்குது.

சூடு காட்டிய பக்கம் ஆறும்போது சுருங்கும், பைப் அந்தப் பக்கம் இழுக்கும். அதனால்தான் வேலை தொடங்கும் முன்பே, பைப்பை ஓர் அட்டையில் வைத்து வாயையும் பிராக்கெட் ஓட்டைகளையும் வரைந்துகொள்ளச் சொல்வேன். இப்போது சில மி.மீ. விலகல்தான் என்றால் பிராக்கெட்டை வளைத்துச் சேர்த்துக்கொள்ளலாம். போல்ட்டை இறுக்கி இழுத்துப் பொருத்தாதீர்கள், அதிர்வில் பிராக்கெட்டில் விரிசல் விழும்.

மாட்டும்போது எல்லா போல்ட்டையும் தளர்வாகப் போட்டு, முதலில் தலைப்பகுதி, பிறகு நடு, கடைசியில் பின்பக்கம் என்று இறுக்குங்கள். பேக்கிங்கை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். இன்ஜினை ஆன் செய்து, பைப் சூடாவதற்குள், சைலன்சர் வாயை ஒரு கனமான துணியால் கொஞ்சம் அடைத்துப் பாருங்கள். எங்கே கசிகிறதோ அங்கே ‘புஸ்’ என்று கேட்கும். ஆக்சிலேட்டரை விடும்போது படபடவென்று வெடிப்பதும் கசிவின் அடையாளம். பிஎஸ்6 வண்டியில் சென்சாருக்கு முன்னால் கசிந்தால், உள்ளே இழுக்கப்படும் வெளிக்காற்றைப் பார்த்து அது ஏமாந்து கூடுதல் பெட்ரோல் விடச் சொல்லும்.

சார், என் பையன் புது ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் வாங்கித் தாங்கன்னு கேக்குறான். டொக்கு எடுக்கிறதைவிட அது மேல்னு சொல்றான். வாங்கலாமா?

ஃப்ரீ ஃப்ளோ என்றால் வாயுவை அதிகம் தடுக்காமல் விடும், சத்தம் கூடிய சைலன்சர். சாலையில் ஓடும் பதிவு எண்ணுள்ள வண்டி என்றால் வேண்டாம் சார். சத்தம், புகை விதிகளை மீறி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். லைசென்ஸையும் மூன்று மாதத்துக்கு நிறுத்தலாம். தடத்தில் மட்டும், வேனில் ஏற்றிக் கொண்டுபோய் ஓட்டும் போட்டி வண்டி என்றால் அது வேறு கதை.

செலவுக்கு நான் வைத்திருக்கும் அளவு இது: ஒரிஜினல் புதுப் பைப்பின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும் வேலை என்றால் புதிது வாங்குங்கள். அதற்குள் முடியும் என்றால் சரிசெய்யுங்கள். பையனையும் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

புதுப்பேட்டையில பழைய பைப் கிடைக்குது. வாங்கலாமா?

தாராளமாக. ஜி.பி. ரோட்டில் புதிது கிடைக்காத மாடலுக்கு நான் முதலில் போகும் இடம் புதுப்பேட்டைதான். கையோடு உங்கள் பைப்பையும் எடுத்துப் போய் வளைவையும் பிராக்கெட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வாய்ப்பக்கம் விரலை விட்டுத் தடவி, உள்ளே துரு செதிலாக வருகிறதா என்று பாருங்கள். புதுக் கறுப்பு பெயிண்ட் அடித்து வைத்திருந்தால் தையல் ஓரங்களைச் சுரண்டிப் பார்க்கச் சம்மதம் கேளுங்கள். பில் வாங்குங்கள்.

மறுபடி விழாம இருக்க என்ன பண்ணணும்?

பைப் கார்டு போடுங்கள். டூ ஸ்ட்ரோக் வயிற்றுக்கு அலுமினியம் அல்லது கார்பன் ஃபைபரில் கிடைக்கும். ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு இன்ஜினுக்கு அடியில் போடும் பாஷ் பிளேட், பெண்ட் பைப்பின் வளைவு வரை ஏறி நிற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கார்டுக்கும் பைப்புக்கும் நடுவில் சேறு அடைந்தால் அங்கேதான் துரு பிடிக்கும். ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் கழுவுங்கள். ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் போனால் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கடற்கரை மணலில் ஓட்டவே வேண்டாம். உப்பு பைப்பைத் தின்னும் என்பது ஒரு காரணம். ஜனவரியிலிருந்து நம் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன என்பது அதைவிடப் பெரிய காரணம்.

அப்பாவோட ஆர்எக்ஸ் 100. 2023 டிசம்பர் வெள்ளத்துல ரெண்டு நாள் தண்ணில நின்னுச்சு. இப்போ பைப்புல டொக்கும் விழுந்துடுச்சு. ஒரிஜினல் பைப், தூக்கிப் போட மனசு வரல. எடுக்க முடியுமா?

மனசு வராதது புரிகிறது. 1985 முதல் 1996 வரை வந்த வண்டி, அந்த ஒரிஜினல் பைப் போனால் அதே சத்தம் திரும்ப வராது. ஆனால் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்ற பைப்பில் முதலில் பார்க்க வேண்டியது பள்ளத்தை அல்ல, தகட்டின் கனத்தை. பைப்பைக் கழற்றி, ஒரு சின்ன ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தலையிலிருந்து வால் வரை விரலிடை விட்டு விரலிடை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு ‘டிங்’ என்று கேட்கும். அரித்த தகடு மண்பானை உடைந்த மாதிரி மந்தமாகக் கேட்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். தண்ணீர் தேங்கியிருக்கும் அடிப்பக்கத்தில்தான் பெரும்பாலும் வரும்.

வட்டம் பள்ளத்திலிருந்து தள்ளி, ஒன்றிரண்டு மட்டும் இருந்தால், முதலில் அந்த இடங்களை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டு செய்து, பிறகு பள்ளத்துக்குத் தண்ணீர்ப் பம்பு முறையைக் குறைந்த அழுத்தத்தில் செய்து பாருங்கள். கசிந்தால் எங்கே என்று தெரிந்துவிடும், யாருக்கும் காயம் வராது. வட்டம் பள்ளத்தின் மேலேயே விழுந்தால் சூடும் வேண்டாம், இழுப்பதும் வேண்டாம். அந்தத் துண்டை அறுத்து எடுத்து, அதே வளைவில் அதே கனத்தில் தட்டிய புதுத் துண்டை வைக்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் தடுப்புக் குழாயைத் தனியாக உருவிப் பார்த்து, அதுவும் உதிர்ந்திருந்தால் மாற்றுங்கள். முடிந்ததும் உள்ளே டூ ஸ்ட்ரோக் ஆயில் கொஞ்சம் ஊற்றிச் சுழற்றிவிட்டு மாட்டுங்கள். முதல் அரை மணி நேரம் நிறையப் புகையும், பிறகு அடங்கிவிடும்.